கையெழுத்தா, கைவரிசையா: கையெழுத்துப் போட்ட கார்டை எதை நம்பி வாங்குவது?

விளையாட்டு வீரர்களின் படம் போட்டு, சின்ன பாக்கெட்டுகளில் (பேக்) அடைத்து விற்கும் சேகரிப்புக் கார்டுகள் மூன்று: ஒரே வீரர், ஒரே வருடத்துக் கார்டு, ஒரே நீல மார்க்கர். ஒன்று பேக்கைப் பிரித்தபோது கையெழுத்தோடேயே வெளியே வந்தது. இன்னொன்று யாரோ நேரில் வாங்கிய கையெழுத்து, பிறகு ஒரு நிறுவனத்துக்கு அனுப்பி, அவர்கள் பார்த்து 'அசல்தான்' என்று சொல்லி கெட்டி பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்துக் கொடுத்தது. மூன்றாவது வெறும் கார்டு, கூடவே விற்பவரே அச்சடித்த, தங்க நிற முத்திரை ஒட்டிய ஒரு சான்றிதழ். மூன்றாவதுதான் விலை குறைவு, அதுவும் நன்றாகவே குறைவு. புதிதாக இதில் இறங்கும் யாருக்கும் கை அங்கேதான் போகும். எனக்கும் போனது, அந்தக் கதை அப்புறம்.

நாம் எல்லோரும் முதலில் கேட்பது "கையெழுத்து அசல் மாதிரி இருக்கிறதா?" என்றுதான். நான் அதை இரண்டாவதாகத்தான் கேட்பேன். முதலில் கேட்க வேண்டியது, இதைப் போடும்போது யார் பார்த்தார்கள்? சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழலாம் என்பார்கள், இந்த விஷயத்தில் அது அப்படியே தலைகீழ், இங்கே சாட்சிக்காரன்தான் பெரிய ஆள். அவன் இல்லாத இடத்தில் மிச்சமிருப்பதெல்லாம் கருத்துதான். நல்ல கருத்து, சுமாரான கருத்து, காசுக்குச் சொன்ன கருத்து என்று தரம் வேண்டுமானால் பிரிக்கலாம்.

பேக்கில் வரும் கையெழுத்தை எடுத்துக்கொள்வோம். கார்டு தயாரிக்கும் கம்பெனி வீரரோடு ஒப்பந்தம் போட்டு, அவரிடம் நேராகக் கையெழுத்து வாங்கி, பேக்குகளுக்குள் கலந்து விடுகிறது. 1990-ல் அப்பர் டெக் நிறுவனம் பேஸ்பால் வீரர் ரெஜி ஜாக்சன் கையெழுத்திட்டு எண் போட்ட 2,500 கார்டுகளைப் பேக்குகளில் கலந்து விட்டதிலிருந்து இந்தப் பழக்கம் பிடித்துக்கொண்டது. இன்று இதில் இரண்டு வகை. வீரர் கார்டிலேயே போடுவது ஒன்று, கண்ணாடி மாதிரியான ஸ்டிக்கர் தாள்களில் வரிசையாகப் போட்டு அனுப்ப, கம்பெனி அதைப் பிரித்துக் கார்டில் ஒட்டுவது இன்னொன்று. சேகரிப்பவர்களுக்கு முதலாவதுதான் பிடிக்கும், விலையும் அதற்குத்தான் கூடுதல், ஆனால் அசலா போலியா என்ற கேள்விக்கு இந்த வித்தியாசம் பெரிதாக உதவாது. இரண்டுமே கம்பெனி வழியாக வந்தவை, இரண்டின் பின்பக்கத்திலும் கையெழுத்துக்குக் கம்பெனி உத்தரவாதம் என்கிற வாசகம் இருக்கும். அந்த வாசகத்தை வாங்குவதற்கு முன்னால் கட்டாயம் படியுங்கள். அதே வடிவமைப்பில் கையெழுத்து இல்லாத சாதாரணக் கார்டும் வெளிவந்திருந்தால், அதை வாங்கி மேலே ஒரு கையெழுத்தைக் கிறுக்கி 'பேக்கில் வந்தது' என்று விற்பவர்கள் உண்டு. முன்பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டுவிட்டுப் பின்பக்கத்தைக் காட்டாத விற்பனையாளரை நான் கடந்து போய்விடுவேன், காரணம்கூடக் கேட்க மாட்டேன்.

சரி, பேக்கில் வந்தால் நூற்றுக்கு நூறா? இல்லை. ஸ்டிக்கர் தாள்களைக் கட்டாக வீரரின் வீட்டுக்கு அனுப்புகிறார்கள், அவர் போட்டுத் திருப்பி அனுப்புகிறார், 'நானே போட்டேன்' என்று எழுதியும் கொடுக்கிறார். கம்பெனி ஆள் எல்லா நேரமும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதில்லை. 2017-ல் அமெரிக்கக் கால்பந்து வீரர் டாக் பிரெஸ்காட்டின் பெயரில் பேக்குகளில் வந்த சில கையெழுத்துகள் இயந்திரத்தால் போட்டது மாதிரி இருக்கின்றன என்று சொல்லி, கையெழுத்தைச் சரிபார்த்துச் சான்று தரும் பெக்கெட் நிறுவனம் ஏற்க மறுத்தது பெரிய செய்தியானது. கையெழுத்துகள் அவ்வளவு ஒழுங்காக, ஒன்றைப் போல ஒன்று இருந்ததுதான் சந்தேகத்துக்குக் காரணம். ஆக, சங்கிலியில் ஒரு கண்ணி தளர்வாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் ஒரு பெரிய சௌகரியம், பிரச்சினை வந்தால் பதில் சொல்ல ஒரு கம்பெனி இருக்கிறது. சந்தையில் முகம் தெரியாமல் வந்து போகிற ஆளிடம் அது கிடைக்காது.

இதைவிட ஒரு படி மேலே என்று நான் நினைப்பது, சாட்சியோடு போட்ட கையெழுத்து. கையெழுத்துக்குச் சான்று தரும் அமெரிக்க நிறுவனங்களான பிஎஸ்ஏ, ஜேஎஸ்ஏ, பெக்கெட் மூன்றுமே இதைச் செய்கின்றன. கையெழுத்து நிகழ்ச்சிக்கு அவர்களுடைய ஆள் நேரில் போகிறார், போடுவதைப் பார்க்கிறார், அங்கேயே எண் போட்ட ஸ்டிக்கரை ஒட்டுகிறார். சான்றில் 'சாட்சி முன்னிலையில்' என்று தனியாகக் குறிப்பும் இருக்கும். அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பால் 2001-ல் தொடங்கிய திட்டமும் இதே யோசனைதான். மைதானத்திலேயே சாட்சிகள் இருப்பார்கள், அவர்கள் காவல்துறைப் பின்னணி உள்ளவர்கள், தங்கள் கண்ணெதிரே நடந்ததற்கு மட்டும்தான் ஹோலோகிராம் ஒட்டுவார்கள். கூடைப்பந்து நட்சத்திரம் மைக்கேல் ஜோர்டன் மாதிரி ஆட்களுக்கு விஷயம் இன்னும் சுலபம். அவர் 1992-லிருந்து அப்பர் டெக்கோடு கையெழுத்து ஒப்பந்தம் வைத்திருக்கிறார், ஆகவே அதற்குப் பிந்தைய ஜோர்டன் கையெழுத்து என்று ஒன்றைக் காட்டி அப்பர் டெக் ஹோலோகிராம் இல்லை என்றால், 'எங்கே, எப்படி வாங்கினீர்கள்' என்று விளக்க வேண்டிய பொறுப்பு விற்பவருடையது.

அடுத்து, பிறகு பார்த்துச் சொல்லும் சான்று. சந்தையில் அதிகம் புழங்குவது இதுதான், குழப்பம் அதிகமும் இதில்தான். பிஎஸ்ஏ 1998-ல் இதற்கென்று தனிப் பிரிவு தொடங்கியது, பெக்கெட் 2016-ல். நீங்கள் கார்டை அனுப்பினால், தங்களிடம் இருக்கும் பழைய மாதிரிகளோடு ஒப்பிட்டு, மையையும் எழுத்தோட்டத்தையும் பார்த்து, ஒரு முடிவு சொல்வார்கள். முடிவு என்றாலும் அது கருத்துதான், அவர்கள் கொடுக்கும் கடிதத்திலேயே 'எங்கள் கருத்தில்' என்றுதான் இருக்கும். அதற்காக இதை மட்டம் தட்டவில்லை. வாழ்நாளில் ஒரு வீரரின் பத்து கையெழுத்துகளைப் பார்த்த என்னைவிட, ஆயிரக்கணக்கில் பார்த்தவருடைய கண் எவ்வளவோ மேல். ஆனால் 'அங்கே நின்று பார்த்தேன்' என்பதும் 'பார்த்தால் அவருடையது மாதிரி இருக்கிறது' என்பதும் ஒன்றல்ல, இரண்டுக்கும் ஒரே விலை கொடுக்கக் கூடாது.

இதில் புதியவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. உறையின் மேல் கையெழுத்துக்கு 10 என்று மதிப்பெண் போட்டிருப்பார்கள், அதைப் பார்த்துவிட்டு '10 என்றால் கண்டிப்பாக அசல், 8 என்றால் கொஞ்சம் சந்தேகம்' என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. அந்த எண் மை எவ்வளவு தெளிவாக, மங்காமல், இழுசாமல் இருக்கிறது என்பதற்கு மட்டும். அசலா இல்லையா என்பது அதற்கு முன்னாலேயே ஆம், இல்லை என்று முடிந்துபோன விஷயம். மங்கிப்போய் 6 வாங்கிய கையெழுத்தும் அசல்தான்.

இன்னொன்று, உறையே போலியாக இருக்கலாம். உறையில் இருக்கும் எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பார்ப்பது எல்லோருக்கும் தெரியும், பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். போலி உறை செய்பவன் சும்மா ஒரு எண்ணை அடிப்பானா என்ன, எங்கேயோ இருக்கும் உண்மையான கார்டின் எண்ணைத்தான் அப்படியே எடுத்துப் போடுவான், தளத்திலும் அதே வீரர், அதே கார்டு என்று வந்து நிற்கும். அதனால் தளத்தில் அந்தக் கார்டின் படம் இருந்தால் அதைத் திறந்து, கையெழுத்தின் முதல் எழுத்து கார்டில் எந்த இடத்தில் தொடங்குகிறது, கடைசி இழுப்பு எதைத் தொட்டுக்கொண்டு முடிகிறது என்று விற்பனைப் படத்தோடு பொருத்திப் பாருங்கள். ஒரு நிமிட வேலை. கையால் போட்ட இரண்டு கையெழுத்துகள் கார்டின் மேல் ஒரே புள்ளியில் தொடங்கி ஒரே புள்ளியில் முடியாது.

முழுச் சான்று வேண்டாம், வாங்கலாமா என்று மட்டும் தெரிய வேண்டும் என்றால், படத்தைப் பார்த்தே 'அசலாக இருக்க வாய்ப்பு' அல்லது 'இல்லை' என்று சொல்லும் சின்னச் சேவையும் இந்த நிறுவனங்களில் உண்டு. கட்டணம் குறைவு. அது சான்று ஆகாது, ஏலத்தில் கை தூக்குவதற்கு முன்னால் கேட்டுக்கொள்ள நல்லது, அவ்வளவுதான்.

விற்பவர் தானே கொடுக்கும் சான்றிதழைப் பற்றி நீட்டி எழுத எனக்கு மனசில்லை. பாலுக்குப் பூனை காவல். 1990-களில் அமெரிக்காவில் எஃப்.பி.ஐ. நடத்திய 'ஆபரேஷன் புல்பென்' விசாரணையில் பிடிபட்ட கும்பல் பேஸ்பாலில் அன்னை தெரசாவின் கையெழுத்தைக்கூடப் போட்டு விற்றிருக்கிறது, அவற்றோடு சான்றிதழ்களும் போயிருக்கின்றன. சான்றிதழ் என்பது ஒரு தாள், அதைக் கொடுத்தவர் யார் என்பதில்தான் அதன் எடை இருக்கிறது. வீரரோடு எடுத்த போட்டோவும் இதே ரகம்தான். வீரர் குனிந்து எதிலோ எழுதுகிறார், சரி, எழுதுவது உங்கள் கையில் இருக்கும் இந்தக் கார்டில்தான் என்று அந்தப் போட்டோவில் எங்கே தெரிகிறது?

இனி நம் சொந்தக் கண். இதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, ஒரு எச்சரிக்கையோடு. நம் கண் ஒரு கார்டை வேண்டாம் என்று ஒதுக்க உதவும், வாங்கலாம் என்று சொல்ல உதவாது. 'இது போலி' என்று உறுதியாகச் சொல்ல ஒரு தப்பு கண்ணில் பட்டால் போதும், 'இது அசல்' என்று சொல்ல ஆயிரம் சரியும் போதாது.

ஒதுக்குவதற்கு முதல் ஆயுதம் காலண்டர். ஷார்பி மார்க்கர் சந்தைக்கு வந்தது 1964-ல். பழைய பேஸ்பால் நட்சத்திரம் பேப் ரூத் இறந்தது 1948-ல். ரூத்தின் பெயர் ஷார்பியில் தடிமனாக ஓடினால் பூதக்கண்ணாடியே தேவையில்லை. பால்பாயின்ட் பேனா அமெரிக்கக் கடைகளில் விற்பனைக்கு வந்தது 1945-ல், இன்னொரு பேஸ்பால் நட்சத்திரம் லூ கெரிக் இறந்ததோ 1941-ல். கார்டுக்கும் இதே கணக்குதான். டாப்ஸ் கம்பெனி தன் புகழ்பெற்ற 1952 வரிசையை 1983-ல் மறுபதிப்பாக வெளியிட்டது. அந்த வரிசையில் இருந்த பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன் 1972-லேயே போய்விட்டார். மறுபதிப்பில் அவர் கையெழுத்தைப் பார்த்தால் அதைப் போட்டவர் வேறு யாரோ. கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் கார்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் வருடத்தைப் பார்க்காமல் வாங்குபவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள்.

அடுத்தது பத்து மடங்கு பெரிதாக்கும் லூப். 1952, 1975 டாப்ஸ் கார்டுகள் மாதிரி பல வரிசைகளில் வீரரின் கையெழுத்தை அச்சிலேயே சேர்த்திருப்பார்கள், அதை அசல் கையெழுத்து என்று நினைத்து ஏமாறுவது பழைய கதை. லூப்பில் பார்த்தால் அச்சுக் கையெழுத்து படத்தோடு படமாக, பளபளப்புப் பூச்சுக்கு அடியில் படுத்திருக்கும். பேனா மை பூச்சுக்கு மேலே உட்கார்ந்திருக்கும், கார்டை விளக்குக்குச் சாய்த்துத் திருப்பினால் மை இருக்கும் இடம் வேறு மாதிரி மின்னும். வழவழப்பான கார்டில் மார்க்கர் மை சில இடங்களில் ஒட்டாமல் குமிழ் குமிழாகத் திரண்டு நிற்பதையும் பார்க்கலாம். கோடு தன்னைத் தானே குறுக்கே கடக்கும் இடத்தைத் தேடுங்கள், அங்கே மை இரண்டு அடுக்காகி ஒரு பூச்சு கருமை கூடியிருக்கும். அச்சில் அந்த இடமும் மற்ற இடங்களைப் போலவே தட்டையாக இருக்கும்.

ஆனால் போலி கையெழுத்து போடுபவனும் நிஜ மார்க்கரால்தான் போடுகிறான், ஆக மை சரியாக இருப்பதால் ஒன்றும் நிரூபணமாகிவிடாது. அவன் மாட்டுவது வேகத்தில். நாளுக்கு நூறு தடவை போடுகிற ஆளின் பேனா, தாளைத் தொடுவதற்கு முன்பே ஓட ஆரம்பித்திருக்கும், தாளை விட்டு எழுந்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் கோட்டின் இரண்டு முனைகளும் வால் மாதிரி மெலிந்திருக்கும். பார்த்து வரைபவன் தொடங்கும் இடத்தில் பேனாவை ஊன்றுகிறான், அங்கே ஒரு பொட்டு. வளைவில் அடுத்தது எப்படி என்று யோசிக்கிறான், அங்கே ஒரு நடுக்கம், சில சமயம் பேனாவை எடுத்துவிட்டு மறுபடி வைத்த தடம்கூட இருக்கும். எழுத்தின் வடிவம் அச்சு அசலாக இருக்கும், உயிர் இருக்காது. இதைத் தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி, உங்கள் கையெழுத்தையே வேகமாக நான்கு தடவை போட்டுவிட்டு, அதைப் பார்த்து ஐந்தாவதை எழுதும்படி நண்பர் ஒருவரிடம் சொல்லி, ஐந்தையும் லூப்பில் பாருங்கள். கடையில் வாங்கிய எந்தப் புத்தகமும் இவ்வளவு கற்றுக்கொடுக்கவில்லை எனக்கு.

வயதானவர்களின் கையெழுத்தில் நடுக்கம் இயல்பு, அதை வைத்துத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஒரே ஆளின் கையெழுத்தும் வருடத்துக்கு வருடம் மாறும், பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டில் 1950-களில் போட்ட கையெழுத்தும் அவர் ஓய்வுபெற்ற பிறகு போட்டதும் ஒரே மாதிரி இருக்காது. ஒப்பிடுவதானால் அதே காலத்து மாதிரியோடு ஒப்பிட வேண்டும். இன்றைய இளம் வீரர்கள் ஸ்டிக்கர் தாள் தாளாகப் போட்டுப் போட்டு, பெயர் சுருங்கி ஒரு வளைவும் ஒரு கோடும் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதை அசலா போலியா என்று கண்ணால் சொல்லவே முடியாது, சொல்கிறேன் என்பவரை நம்ப வேண்டாம். அந்த மாதிரி கையெழுத்துக்கு பேக்கோ சாட்சியோ இல்லாமல் நான் காசு கொடுப்பதே இல்லை.

இப்போது என் கதை. அந்த மூன்றாவது ரகக் கார்டை வாங்கினேன், தங்க முத்திரை, 'நேரில் பெறப்பட்டது' என்ற வரி எல்லாம் இருந்தது. லூப்பில் மை பூச்சுக்கு மேலேதான் இருந்தது, நடுக்கமும் இல்லை, அவ்வளவு சந்தோஷம். ஒரு வாரம் கழித்து அதே விற்பனையாளர் அதே வீரரின் வேறொரு கார்டைப் பட்டியலிட்டார். ஏதோ தோன்றி, அந்தப் படத்தை போனில் எடுத்து, பாதி ஒளி ஊடுருவும்படி வைத்து, என் கார்டின் படத்தின் மேல் நகர்த்தினேன். அளவைக் கொஞ்சம் சரிசெய்ததும் ஒரு கையெழுத்து இன்னொன்றின் அடியில் காணாமலே போனது. வளைவுக்கு வளைவு, வாலுக்கு வால். மனிதக் கை அப்படி இரண்டு தடவை போடாது, அது ஆட்டோபென் வேலை, பேனாவைப் பிடித்து ஒரே அச்சை மறுபடி மறுபடி எழுதும் இயந்திரம். பேனாவும் நிஜம், மையும் நிஜம், போட்டது மட்டும் அவர் இல்லை. அதற்குப் பிறகு திரும்பிப் பார்த்தபோதுதான் கோடு முழுக்க ஒரே தடிமனில் இருந்ததும், இரண்டு முனையிலும் மொட்டை மொட்டையாக நின்றதும் கண்ணில் பட்டது. திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி எழுதினேன், பதில் இல்லை.

அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். சான்று இல்லாத கார்டு பிடித்திருந்தால், பணம் கொடுப்பதற்கு முன்னால் "இதைச் சான்றுக்கு அனுப்புகிறேன், தேறவில்லை என்றால் பணத்தைத் திருப்பித் தருவீர்களா?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிடுவேன். நேர்மையான விற்பனையாளர் பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார். மழுப்பினால் அத்தோடு விட்டுவிடுவது.

இப்போது ஆடிக்கொண்டிருக்கும் வீரர் என்றால் நான் பேக் கார்டையோ சாட்சி ஸ்டிக்கர் உள்ளதையோ மட்டும்தான் பார்ப்பேன், அதுவே தாராளமாகக் கிடைக்கும்போது மற்றவற்றுக்கு எதற்கு? இறந்துபோன பழைய நட்சத்திரம் என்றால் சாட்சிக்கு வழியே இல்லை, அங்கே மூன்றாம் நபர் கருத்துதான் கதி, அதுவும் ஸ்டிக்கரோடு நிறுத்தாமல் முழுக் கடிதம் கேட்பேன், விலை பெரிது என்றால் இரண்டாவது நிறுவனத்திடமும் காட்டுவேன். யாருக்கும் பெயர் ஞாபகமில்லாத மாற்று ஆட்டக்காரர் ஒருவரின் கார்டு, சான்றுக் கட்டணம் கார்டு விலையைவிட அதிகம், அங்கே என் கண்ணே போதும். அவர் பெயரைப் போலியாகப் போட்டு யாருக்கும் பெரிதாக லாபமில்லை. இதில் நடுவாந்தரமான ஆட்களின் கார்டுதான் தொல்லை, போலி போடவும் லாபம் உண்டு, சான்றுக்கு அனுப்பினால் நமக்கும் கட்டுப்படியாகாது. அந்த இடத்தில் ஏற்கெனவே சான்று வாங்கி வைத்திருக்கும் கார்டாகத் தேடி, கொஞ்சம் கூடக் கொடுத்து வாங்கிவிடுவது என் வழக்கம்.

அந்த ஆட்டோபென் கார்டை என்ன செய்தேன் என்று கேட்பார்கள். விற்கவில்லை, கிழிக்கவும் இல்லை. எனக்குப் பிறகு யார் கைக்காவது போய்த் திரும்பவும் சந்தைக்கு வந்துவிடக் கூடாது என்று, பின்பக்கத்தில் அதே மாதிரி நீல மார்க்கரால் 'போலி' என்று பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். லூப்பில் பார்த்தால் முனைகள் நன்றாகவே மெலிந்திருக்கின்றன.